12க்கு 10 அறையில் மானிட்டர் ஸ்பீக்கர்: சத்துவாச்சாரியில் ஒரு செய்முறைப் பதிவு

அறையின் நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரமும் 10 அடி. வேலூர் சத்துவாச்சாரியில் முதல் மாடி. நான்கு பக்கமும் பூசிய செங்கல் சுவர், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். பின்பக்கச் சுவரில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு லாஃப்ட். ஒரு மூலையில் இரும்பு பீரோ. அகலமும் உயரமும் ஒரே அளவு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் தொல்லைகளில் பாதி அதனால்தான் வந்தது.

நான் பதிவு செய்வது பெரும்பாலும் நம் பக்கத்துப் பாட்டு. ஆடி மாதம் என்றால் அம்மன் பாட்டு, உடுக்கை, பம்பை, சிலம்பு. பாரதக் கூத்து நடக்கும் காலத்தில் கூத்துப் பாட்டு, ஆர்மோனியம், மத்தளம், தாளம், நாகஸ்வரம் மாதிரி ஊதும் சின்ன முகவீணை. மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 பெட்டி ஒன்று, இரண்டு மைக், ஒரு லேப்டாப், இவ்வளவுதான் ஸ்டூடியோ. மிக்ஸிங் முழுக்க ஹெட்போனிலேயே நடந்துவந்தது. ஹெட்போனில் பம்பை அழகாகத்தான் கேட்கும். ஊரில் போய்க் குழாய் ஸ்பீக்கரில் போட்டால் வேறு கதை. ஒரு கூத்து வாத்தியார் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இன்னா தம்பி, பம்பை ஊருக்குள்ள வந்துடுச்சி, பாட்டு ஏரிக்கரையிலயே நிக்குது.” அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கர் தேட ஆரம்பித்தேன்.

காட்பாடி காந்தி நகரில் இருக்கும் நண்பர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடந்த 8 அங்குல மானிட்டர் ஜோடியை, அதாவது மிக்ஸிங்குக்கென்றே செய்த ஸ்பீக்கர்களை, கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். நல்ல ஸ்பீக்கர். மேஜை அப்போது ஜன்னல் ஓரத்து மூலையில் இருந்தது. பிளக் பாயிண்ட் அங்கேதான் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. இடது ஸ்பீக்கருக்கு முக்கால் அடியில் மூலைச் சுவர், வலது ஸ்பீக்கருக்கு ஐந்தடியில் பீரோ. பாட்டைப் போட்டதும் அறையே குடத்துக்குள் தலையை விட்ட மாதிரி முழங்கியது. எந்தப் பாட்டைப் போட்டாலும் அதே முழக்கம், அதே சுருதியில்.

அந்தச் சுருதி எது என்று கண்டுபிடித்ததுதான் இந்த வேலையில் நான் செய்த உருப்படியான முதல் காரியம். செலவில்லாத சோதனை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். லேப்டாப்பில் ஒரு சாதாரண சைன் அலைச் சத்தத்தைக் கீபோர்டோடு இணைத்தேன். போனில் ஒலி அளக்கும் ஆப், கீழ் ஸ்தாயியை அதிகம் வெட்டாத சி வெயிட்டிங் அளவில். 40 ஹெர்ட்ஸ் அருகில் தொடங்கி 200 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு கட்டையாக ஒரே அழுத்தத்தில் வாசித்து, நான் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் போனை வைத்து, எத்தனை டெசிபெல் என்று நோட்டில் எழுதினேன். போன் மைக் கீழ் ஸ்தாயியில் சரியாக அளக்காது, உண்மைதான். ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்குள் எது எகிறுகிறது, எது விழுகிறது என்று காட்ட அது போதும். ஆறரைக் கட்டை, அதாவது 58 ஹெர்ட்ஸ், அதன் இரண்டு பக்கத்துச் சுரங்களையும்விட 12 டெசிபெல் மேலே நின்றது.

கணக்கும் அதையே சொன்னது. நம் ஊர் வெயிலுக்கு ஒலியின் வேகத்தை நொடிக்கு 1150 அடி என்று வைத்துக்கொள்ளலாம். அதை அறையின் அளவைப்போல் இரு மடங்கால் வகுத்தால் அந்தத் திசையில் அறை எந்த அதிர்வெண்ணில் தானாக முழங்கும் என்று கிடைத்துவிடும். 10 அடிக்கு 57.5 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 48. அகலமும் உயரமும் 10 அடி என்பதால் 57.5இல் இரண்டு திசையும் சேர்ந்து முழங்குகின்றன. அதன் இரு மடங்கு 115. அங்கேயும் அப்படியே. மே மாத 40 டிகிரியில் ஒலி இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடும், எண் ஒரு ஹெர்ட்ஸ் போல ஏறும். அரைக் கட்டைகூட நகராது, அதனால் அதைப் பொருட்படுத்தவில்லை.

நடுவில் சிலர் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டச் சொன்னார்கள். 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 20 அடி. இரண்டு அங்குல அட்டையை அது கண்டுகொள்ளவே செய்யாது. பல்லி குடியேறியிருக்கும், வேறு பலன் இருந்திருக்காது.

மேஜையை மூலையிலிருந்து எடுத்தேன். 10 அடிச் சுவரை நோக்கி, அகலத்துக்குச் சரியாக நடுவில், 12 அடி நீளம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று கூடுதலாகத் தேவைப்பட்டது. மறுபடி கட்டை கட்டையாக வாசித்து எழுதினேன். 58இல் இருந்த 12 டெசிபெல் மேடு 4 ஆகிவிட்டது! காரணம் எளிது. அகலத்தில் எழும் முதல் முழக்கம் இரண்டு சுவர் ஓரத்திலும் பலமாகவும், நட்ட நடுவில் கிட்டத்தட்ட இல்லாமலும் இருக்கும். தலை நடுவில் இருந்தால் அது காதுக்கு வராது. மீதி இருந்த 4 உயரத்திலிருந்து வருவது.

ஆனால் அதே நடு இடம் இரண்டாவது முழக்கத்துக்கு, அதாவது 115 ஹெர்ட்ஸுக்கு, மிகப் பலமான இடம். மேல் ஆறரைக் கட்டையில் புது மேடு கிளம்பியது, 11 டெசிபெல். ஆண் குரல் கீழே இறங்கும் இடமும் மத்தளத்தின் இடந்தலையும் உட்கார்ந்திருக்கும் பகுதி அது. 57ஐவிட இது எனக்கு மோசம். என் பாட்டுகளில் 57இல் எதுவுமே இல்லை, 115இல்தான் எல்லாமே இருக்கிறது.

இங்கே உதவியது ஸ்பீக்கர்களின் இடைவெளி. முதலில் இரண்டுக்கும் நடுவே மூன்றரை அடி விட்டிருந்தேன். பக்கச் சுவரிலிருந்து அகலத்தில் கால் பங்கு தூரத்தில், அதாவது இரண்டரை அடியில் ஸ்பீக்கர் நின்றால் அந்த இரண்டாவது முழக்கத்தை அது எழுப்பவே முடியாது. இரண்டரை அடி என்றால் ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஐந்தடி இடைவெளி. அவ்வளவு விரித்தால் நான் பின்னால் நகர்ந்து அறையின் நட்ட நடுவுக்குப் போய்விடுவேன், அங்கே நீளத்தின் முழக்கம் ஒன்று 96இல் காத்திருக்கிறது. அங்குலம் அங்குலமாக நகர்த்தி நகர்த்தி, நாலரை அடி இடைவெளியில் நிறுத்தினேன். பக்கச் சுவருக்கு இரண்டே முக்கால் அடி. காது முன்சுவரிலிருந்து 5 அடி. 115 மேடு 11லிருந்து 6க்கு இறங்கியது, ஒரு ரூபாய் செலவில்லாமல்.

பீரோவை ஹாலுக்குத் தள்ளினோம். 90 ஹெர்ட்ஸைத் தாண்டும்போது அதன் கதவு தனியாக ஒரு தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்றும் அப்படித்தான், புட்டி வைத்தோம்.

இவ்வளவும் ஆன பிறகுதான் எந்த ஸ்பீக்கர் வாங்குவது என்ற கேள்விக்கு வந்தேன். இந்த அறைக்கு 8 அங்குலம் வேண்டாம் என்பது இரவல் ஜோடியிலேயே தெரிந்துவிட்டது. எவ்வளவு கீழே போகிறது என்று பார்த்து வாங்குவதுதான் வழக்கம். நான் எவ்வளவு கீழே போகக் கூடாது என்று பார்த்தேன். 57இல் அறை தானாக முழங்கும் என்றால், அங்கே சத்தம் போடாத ஸ்பீக்கர்தான் எனக்குத் தோது.

விவரத்தாள் படிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெட்டி மேல் பெரிதாக அச்சடிக்கும் கீழ் எல்லை பெரும்பாலும் சத்தம் 10 டெசிபெல் விழுந்துவிட்ட இடம். யமஹா எச்எஸ்5க்கு அப்படிப் போட்டிருப்பது 54 ஹெர்ட்ஸ். அதே தாளில் 3 டெசிபெல் மட்டும் விழும் இடத்தையும் கொடுத்திருக்கிறார்கள், அது 74. எச்எஸ்8க்கு இந்த இரண்டும் 38, 47. ஜேபிஎல் 305பி மார்க் 2வுக்கு 43, 49. ஆடம் டி5விக்கு 45 என்று போட்டிருக்கிறார்கள், கேஆர்கே ராக்கிட் 5 நான்காம் தலைமுறைக்கு 43. எல்லாவற்றிலும் ஊஃபர், அதாவது கீழ் ஸ்தாயிக்கான பெரிய கூம்பு, 5 அங்குலம்தான், எச்எஸ்8 மட்டும் 8. பெரிய அறையில், தரையில் கார்ப்பெட் போட்டு, கீபோர்டு பேஸ் வைத்துச் சினிமாப் பாட்டு செய்கிறவருக்கு இந்த வரிசையில் எச்எஸ்5 கடைசியாக வரலாம். 57இல் முழங்கும் 10 அடி அறைக்காரனுக்கு அதுதான் முதலில் வந்தது. 74க்குக் கீழே அது தானாக அடங்கிவிடும்.

கீழ் ஸ்தாயியைக் கூட்டப் பெட்டியில் விடும் துளை பின்துளையா முன்துளையா என்றும் நிறையப் பேசுவார்கள். கேஆர்கேவுக்குத் துளை முன்னால், மற்றவற்றுக்குப் பின்னால். சுவரோடு ஒட்டித்தான் வைக்க முடியும் என்றால் முன்துளை கொஞ்சம் நிம்மதி. ஒரு சாண் இடமாவது பின்னால் விட முடியும் என்றால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. துளை எங்கே இருந்தாலும் கீழ் ஸ்தாயி சத்தம் பெட்டியைச் சுற்றிப் போய்ச் சுவரில் மோதித் திரும்பத்தான் போகிறது.

கேட்காமல் வாங்க மனமில்லை. காட்பாடியில் ரயிலேறிச் சென்னை போய், அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். கடையில் அவர்கள் போடும் பாட்டு எல்லா ஸ்பீக்கரிலும் நன்றாக இருக்கும், அதற்காகவே பொறுக்கி வைத்திருப்பார்கள். பென் டிரைவில் என் பதிவுகளையே எடுத்துப் போயிருந்தேன்: வெறும் குரல் ஒன்று, பம்பை மட்டும் ஒன்று, முகவீணை ஒன்று, எல்லாம் சேர்ந்த பாட்டு ஒன்று. பம்பை இரட்டை மேளம், ஒன்று மரம், ஒன்று உலோகம். இரண்டின் அடியும் தனித்தனியாகக் கேட்கிறதா என்பதுதான் எனக்குச் சோதனை. இன்னொன்று, ஒவ்வொரு ஜோடிக்கும் மாறும்போது போனில் பார்த்துச் சத்தத்தைச் சமமாக்கச் சொன்னேன். இரண்டு டெசிபெல் அதிகமாக ஒலிப்பது எதுவாக இருந்தாலும் அதுதான் நல்லது என்று காது சொல்லும். கடைப்பையன் பொறுமைசாலி, முகம் சுளிக்காமல் செய்தான்.

ஜேபிஎல்லில் உட்காரும் இடத்தைக் கொஞ்சம் மாற்றினாலும் பாட்டு மாறவில்லை, நிறையப் பேர் சேர்ந்து கேட்கும் அறை என்றால் அதைத்தான் எடுத்திருப்பேன். ஆடத்தின் ரிப்பன் ட்வீட்டரில், அதாவது மேல் ஸ்தாயிக்கான சின்ன ஒலிப்பானில், தாளச் சத்தம் மணி மணியாக வந்தது. எச்எஸ்5இல் முகவீணை காதைக் கிழித்தது. ஆனால் முகவீணை நேரிலும் காதைக் கிழிக்கும் வாத்தியம்தான்! மற்றவற்றில் இனிமையாகக் கேட்ட என் பழைய மிக்ஸ் ஒன்று இதில் குறையெல்லாம் வெளியே தெரியும்படி கேட்டது. குரல் பம்பைக்குப் பின்னால் நிற்பது கடையிலேயே தெரிந்தது. வாத்தியார் சொன்ன ஏரிக்கரை இந்த ஜோடியில்தான் கேட்டது, மற்றதில் கேட்கவில்லை. அதையே எடுத்தேன், ஜோடி 36 ஆயிரம்.

எச்எஸ்5இன் வெள்ளைக் கூம்புக்கு ஒரு முன்கதை உண்டு. யமஹாவின் என்எஸ்-10 1978இல் வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கராகத்தான் வந்தது. வீடுகளில் பெரிதாக எடுபடவில்லை. ஸ்டூடியோக்காரர்கள் அதை மிக்ஸிங் மேஜை மேல் ஏற்றினார்கள், ட்வீட்டர் கூர்மையாக இருக்கிறது என்று அதன் முன்னால் டிஷ்யூ பேப்பர்கூட ஒட்டினார்கள். 2001இல் உற்பத்தி நின்றுவிட்டது. எச்எஸ் வரிசை அதன் நிறத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. அதை வைத்து இரண்டும் ஒன்று என்று நம்பிவிட வேண்டாம். என்எஸ்-10 மூடிய பெட்டி, எச்எஸ்5 துளையுள்ள பெட்டி, கீழ் ஸ்தாயியில் இரண்டும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும்.

ஸ்பீக்கரை மேஜை மேல் வைத்தால் மேஜைப் பலகையும் சேர்ந்து பாடும். ஸ்டாண்டு விலை கேட்டேன், ஸ்பீக்கர் விலையில் ஆறில் ஒரு பங்கு சொன்னார்கள். பதிலாக 16க்கு 8க்கு 6 அங்குல சாலிட் பிளாக் ஆறு வாங்கினேன், ஒன்று 48 ரூபாய். ஒரு பிளாக்கைப் படுக்கப் போட்டு அதன் மேல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திக் கலவை வைத்துப் பூசினால் தூண் தயார். மேலே பத்துக்குப் பத்து அங்குலத்தில் கிரானைட் வெட்டுத் துண்டு. நம் ஊரில் கிரானைட் பட்டறைகளில் துண்டுக் கல்லுக்குப் பஞ்சமில்லை, இரண்டும் பாலிஷோடு 300க்குக் கிடைத்தன. தூண் உயரம் கல்லோடு சேர்த்து 39 அங்குலத்துக்குச் சற்று மேல். எச்எஸ்5இன் ட்வீட்டர் பெட்டியின் அடியிலிருந்து எட்டு அங்குலம் போல இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் என் காது தரையிலிருந்து 47. சரியாகப் பொருந்தியது. கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவே அரை அங்குல ரப்பர். ஒரு பிளாக் 20 கிலோவுக்கு மேல், மாடிப்படியில் ஏற்றியதுதான் பெரும்பாடு. கட்ட வந்த கொத்தனார் சிரித்தார்: “கோயில்ல குழாயையே மூங்கில்ல கட்டிடறோம், உங்களுக்கு இன்னா சார் இதுக்கு மேடை?” கூலி 700.

ஸ்விட்சைப் போட்டதும் ஊம் என்று ஓர் இரைச்சல். ஒயர் மோனோ ஜாக் கொண்ட பழைய ஒயர், அதை மாற்றி மூன்று கம்பி உள்ள டிஆர்எஸ்-எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு ஒயர் போட்டேன், இரண்டுக்கும் சேர்த்து 1300. லேப்டாப் சார்ஜர் போடும்போது வந்த கீச்சுச் சத்தம் அதோடு போனது. ஊம் மட்டும் பாதி நின்றது. மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்த்தால் 11 வோல்ட் காட்டியது. எர்த் குழி காய்ந்து, வெடித்துக் கிடந்தது. எலக்ட்ரீஷியன் புதுக் குழாய் இறக்கி உப்பும் கரியும் போட்டு மூடினார், 1800 ஆனது. இப்போது 1 வோல்ட்டுக்குச் சற்று மேல். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழிக்கு. ஊம் சுத்தமாகப் போய்விட்டது, கரண்ட் இருக்கும்வரை. கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டர் ஓடினால் ஸ்பீக்கர் உறுமுகிறது, அது ஸ்கொயர் வேவ் வகை. சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கும்வரை கரண்ட் போனால் மிக்ஸிங்குக்கும் லீவு.

அடுத்தது ராக்வூல், சத்தத்தை உறிஞ்சும் பாறைப் பஞ்சு. வேலூரில் தேடிக் கிடைக்கவில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் பாய்லருக்கும் புகைக் குழாய்க்கும் மேலே சுற்றுவது இதுதான் என்று ஒருவர் சொன்ன பிறகுதான் மூளையில் பல்பு எரிந்தது. பெல் (பிஎச்இஎல்) நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலை இருக்கும் ஊர், தோல் தொழிற்சாலைகள் இருக்கும் ஊர். இன்சுலேஷன் விற்பவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 50 மில்லிமீட்டர் கனம், ஒரு மீட்டருக்கு அரை மீட்டர். ஆறு துண்டு கொண்ட கட்டு மூன்று, வண்டிச் சத்தத்தோடு 5400. முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். இரண்டு நாளைக்கு அரிக்கும்.

இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நாலு அங்குலக் கனத்தில் எட்டு பேனல். பிளைவுட்டைக் கீறிச் சட்டம் அடிக்க, தச்சர் கூலியோடு 4200. மேலே போர்த்தக் குடியாத்தம் கைலி. வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போக வேண்டும், அதுதான் துணிக்குச் சோதனை. ஸ்டூடியோக் கடைகளில் இதற்கென்று விற்கும் துணியும் அதைத்தான் செய்கிறது. எட்டு கைலி 1440. கட்டம் கட்டமாகச் சுவரில் தொங்குவதைப் பார்த்து வீட்டில் முதலில் துவைத்துக் காயப்போட்டதாக நினைத்தார்கள். இப்போது பழகிவிட்டது.

இரண்டு பேனல் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் முன்சுவரில். ஸ்பீக்கரின் முகம் முன்சுவரிலிருந்து ஒன்றரை அடி. 1150ஐ அந்தத் தூரத்தைப்போல் நான்கு மடங்கால் வகுத்தால் 192 ஹெர்ட்ஸ் வருகிறது; சுவரில் மோதித் திரும்பும் சத்தம் அந்த இடத்தில் நேர் சத்தத்தை விழுங்கும். குரலின் கனம் உட்கார்ந்திருக்கும் இடமல்லவா அது! பெட்டியின் ஆழம் 22 சென்டிமீட்டர், பேனல் 10, மீதி 14 சென்டிமீட்டர் துளைக்கும் ஒயருக்கும் போதும். பக்கச் சுவர்களில் இரண்டிரண்டு. எங்கே மாட்டுவது என்று பார்க்க, நான் நாற்காலியில் உட்கார, தங்கை சுவரோடு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனாள். கண்ணாடியில் ட்வீட்டர் தெரியும் இடத்தில் பென்சில் குறி. மீதி இரண்டும் பின்சுவரில், சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலக் கட்டை வைத்துத் தள்ளி. லாஃப்ட்டில் பாத்திரம், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, பழைய இலவம்பஞ்சு மெத்தை மூன்றையும் தலையணைகளையும் நிறையத் திணித்தேன். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான். இரண்டடி ஆழத்துக்குப் பஞ்சு என்பது காசு கொடுத்து வாங்கினால் சின்னத் தொகை இல்லை.

அளக்க ஒரு நண்பரிடம் அளவை மைக் இரவல் வாங்கினேன். ரூம் ஈக்யூ விசார்ட் இலவச மென்பொருள், ஸ்கார்லெட்டில் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டைப் போட்டுவிட்டு மைக்கைத் தலை இருக்கும் இடத்தில் மேல்நோக்கி நிறுத்தினால் வேலை நடக்கும். பேனலுக்கு முன்னும் பின்னும் எடுத்த வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். 192 அருகே 8 டெசிபெல் பள்ளம் 4 ஆகியிருந்தது. 96 மேடு 3 டெசிபெல் இறங்கியிருந்தது, லாஃப்ட் மெத்தைக்குத்தான் அந்தப் புகழ் என்று நினைக்கிறேன். 115இல் 6 என்பது 5. அவ்வளவுதான். 57இல் ராக்வூல் ஒன்றுமே செய்யவில்லை. நாலு அங்குலப் பஞ்சால் அங்கே எதுவும் ஆகாது, ஸ்பீக்கர் அங்கே குரல் கொடுக்காததால்தான் தப்பித்தேன். ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே மாற்றம் கண்ணுக்கே தெரிந்தது. கை தட்டினால் முன்பு சுவருக்குச் சுவர் ஓடிய சிலீர் ஒலி நின்றுபோயிற்று.

ஸ்பீக்கரின் பின்பக்கம் ரூம் கண்ட்ரோல் என்று ஒரு ஸ்விட்ச் உண்டு: 0, கழித்தல் 2, கழித்தல் 4. 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைக்கும். கழித்தல் 2இல் வைத்தேன். 4இல் குரல் மெலிந்தது. மேல் ஸ்தாயிக்கான ஹை டிரிம்மைத் தொடவில்லை. எல்லா ஸ்தாயியும் கலந்த பிங்க் நாய்ஸ் இரைச்சலைப் போட்டு, காது இருக்கும் இடத்தில் 75 டெசிபெல் வரும்படி குமிழைத் திருப்பி, அந்த இடத்தில் வெள்ளை பெயிண்டால் ஒரு புள்ளி. சத்தத்தை மாற்றினால் பேஸ் கூடின மாதிரியும் குறைந்த மாதிரியும் காதுக்குத் தோன்றும். புள்ளி இருந்தால் நேற்றைய மிக்ஸும் இன்றைய மிக்ஸும் ஒரே அளவுகோலில் நிற்கும்.

பழைய கூத்துப் பாட்டு ஒன்றைத் திறந்து பார்த்தேன். ஹெட்போனில் செய்தபோது குரலை 300க்குக் கீழே கண்டபடி வெட்டியிருக்கிறேன், தெளிவாக இருக்கட்டும் என்று. பம்பைக்கு 100 அருகே 5 டெசிபெல் ஏற்றியிருக்கிறேன். ஏரிக்கரை அங்கேதான் உண்டாகியிருக்கிறது. குரலுக்கு வெட்டியதைத் திருப்பிக் கொடுத்து, பம்பையின் ஏற்றத்தை எடுத்து, ஆர்மோனியத்தை 250 அருகே மூன்று டெசிபெல் ஒதுங்கச் சொன்னேன். காரில், போனில், அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு திருவிழாவின் குழாய் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தாயிற்று. குழாயில் பேஸ் என்று ஒன்று கிடையாது, அங்கே குரல் முன்னால் நிற்பதுதான் கணக்கு. நின்றது. காரில் மட்டும் பம்பை இன்னும் ஒரு பிடி கூடுதலாக இருக்கிறது, அந்த 115இன் மிச்சம்தான் என் காதை ஏமாற்றுகிறது என்று சந்தேகம். இப்போதைக்கு அந்தப் பகுதியை ஹெட்போனிலும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

மொத்தச் செலவு 51,428 ரூபாய். ஸ்பீக்கரைக் கழித்தால் 15,428. மீண்டும் முதலிலிருந்து செய்வதானால் ஸ்பீக்கர் வாங்கும் முன்பே எர்த்தைப் பார்த்திருப்பேன். பக்கச் சுவர் பேனல்களையும் இரண்டு அங்குலம் தள்ளி மாட்டியிருப்பேன். ஒட்டி மாட்டியதில் கீழ்ப் பகுதியில் பலன் குறைந்துவிட்டது. கைலி வாங்கும்போது கட்டம் சின்னதாகப் பார்த்து எடுங்கள். பெரிய கட்டம் சட்டத்தில் இழுத்துக் கட்டும்போது கோணல் காட்டிக்கொடுக்கும்.

115இல் மீதி இருக்கும் 5 டெசிபெல் உயரத்திலிருந்து வருகிறது. அதற்கு மருந்து தலைக்கு மேலே தொங்கும் ஒரு பேனல், ஆறு அங்குலக் கனத்தில், தளத்திலிருந்து ஓரடி இறக்கி. இடத்தைக் குறித்துவிட்டேன். சரியாக அந்த இடத்தில் ஃபேன் சுற்றுகிறது. ஃபேனைக் கழற்றினால் சித்திரையில் இந்த அறையில் ஒருவரும் உட்கார மாட்டார்கள், பாட வந்தவர் முதலில் எழுந்து போவார். பின்பக்கமாக நாலடி தள்ளிப் புது ஹூக் அடிக்க எலக்ட்ரீஷியன் 600 கேட்கிறார், கான்கிரீட்டைத் துளைக்க வேண்டுமே என்கிறார். சுவர் ஃபேன் போட்டால் காற்று நேரே மைக்கில் அடிக்கும். ஆடிப் பதிவுகள் முடிந்த பிறகு ஹூக் அடிப்பதாக இருக்கிறேன். ராக்வூல் துண்டு இரண்டு மிச்சம் இருக்கிறது, இன்னும் ஒரு கட்டு வாங்க வேண்டும்.